டிக்கிக்குள் கிடந்த வாக்குகள்

என் கார் டிக்கிக்குள் இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று சங்கத்தின் குத்துவிளக்கு. மற்றது பத்தொன்பது பேரின் வாக்கு. விளக்கை ஒன்பது வருடமாக நான்தான் தூக்கிக் காவித் திரிந்தேன். வாக்குகளை ஒரு மாதமாக ஒளித்து வைத்திருந்தேன். 'ஒளித்து' என்ற சொல்லை எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்தது. கேட்டவர்களிடமெல்லாம் மறந்துபோனேன் என்றுதான் சொல்லி வந்தேன்.

மேற்குச் சிட்னியில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான் அங்கத்துவச் செயலாளர். பெயர்தான் பெரிது. படிவம் வாங்குவதும் பட்டியலில் பெயர் ஏற்றுவதும்தான் வேலை. யாரும் போட்டிக்கு வராததால் அந்தப் பதவி என்னோடு ஒட்டிக்கொண்டது. தலைவர் பதவி அப்படியல்ல. அது என் அக்காவின் கணவரும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் மாறி மாறி உட்கார்ந்த கதிரை. போன வருடக் கடைசியில் அந்தக் கூட்டாளிகளில் இரண்டு பேர் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்க, வாக்குகள் பிரிந்து, மூன்றாவதாக நின்ற ஒரு பெண் தலைவரானார். நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் தாதி. குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு. என்னை அண்ணை என்பார், நான் தங்கச்சி என்பேன்.

அவருடைய முதல் நிகழ்ச்சி பொங்கல் விழா. அறிவித்தலில் மாலை ஆறு மணி என்று போட்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஆறு என்றால் ஏழு. ஏழரை என்றாலும் குற்றமில்லை. நான் ஆறு ஐம்பதுக்கே, எல்லாரையும் முந்திவிட்ட பெருமையோடு விளக்கைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனேன். உள்ளே தேவாரம் முடிந்து, பேச்சு முடிந்து, சின்னப் பிள்ளைகளின் நடனம் போய்க்கொண்டிருந்தது. மேடையோரம் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த அகல்விளக்கு ஒன்று எரிந்தது.

"குறை நினையாதேங்கோ அண்ணை. விளக்குக்குக் காத்திருந்தா பிள்ளையள் நித்திரையாப் போயிடுங்கள்" என்றார் தலைவர். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் நக்கலாகச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் மூன்றடி விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சபை நடுவில் நின்றவன் நான். அந்தச் சிரிப்பு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு அவர் தொட்டதெல்லாம் நல்லதாகவே நடந்தது. அதுதான் எரிச்சல். முன்வரிசையில் 'முன்னாள் தலைவர்' என்று துண்டு ஒட்டிய மெத்தைக் கதிரைகள் நான்கு எப்போதும் இருக்கும். துண்டுகளை உரித்துவிட்டு, வோக்கர் தள்ளிக்கொண்டு வரும் வயோதிபர்களை அவற்றில் இருத்தினார். பொன்னாடை போர்த்துவது நின்றது. வரவேற்புரைக்கு ஐந்து நிமிடம் என்று கட்டுப்பாடு வந்தது. புதன்கிழமைகளில் செவன் ஹில்ஸ் பக்கத்து முதியவர்களை ஏற்றிவர ஒரு வான் ஓடியது. ஓட்டுவதற்கு ஆட்களைப் பிடித்து முறை போட்டுக் கொடுத்தார். பென்சன் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்த ஒரு மேசை போட்டார். மூன்றே மாதம். மரக்கறிக் கடையில் நின்றால் அவருடைய பேச்சுத்தான். "இப்பதான் சங்கம் சங்கமா இருக்கு" என்று எனக்கே சொன்னார்கள், முந்தின ஒன்பது வருடமும் நான் அங்கே இருந்ததை மறந்து.

ஆனால் கைதட்டுகிறவர்கள் வேறு, வாக்குள்ளவர்கள் வேறு. வானில் வந்த கிழவர் கிழவிகள் பலர் அங்கத்தவர்களே அல்ல. அதை முதலில் கண்டுபிடித்தவரும் தலைவர்தான். ஒரு புதன்கிழமை பத்தொன்பது பேரிடம் படிவம் நிரப்புவித்து, ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே திகதி போட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து என்னிடம் தந்தார். "அண்ணை, இதுகளைப் பட்டியலிலை ஏத்திவிடுங்கோ."

நான் பையை டிக்கிக்குள் விளக்குக்குப் பக்கத்தில் போட்டேன். அன்றைக்கு அதில் கள்ளம் எதுவும் இல்லை; சோம்பல் மட்டும்தான். கள்ளம் மறுநாள் வந்தது.

அத்தான் எனக்குப் போன் எடுத்தார். தலைவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்களாம், அவரும் கூட்டாளிகளும். விசேட பொதுக்கூட்டம் ஒரு மாதத்தில். "புதுப் படிவம் ஏதும் வந்ததே?" என்று கேட்டார்.

"இல்லை அத்தான்" என்றேன்.

ஏன் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. பொங்கல் அன்று கேட்ட சிரிப்புத்தான் அந்த 'இல்லை'யைச் சொன்னது. அத்தான் அதை ஊரெல்லாம் சொன்னார்: புது ஆட்கள் ஒருவரும் இல்லை, எண்ணிக்கை எங்கள் பக்கம். அதன்பிறகு உண்மையைச் சொன்னால் அவர் தலைகுனிய வேண்டும், நானும் பொய்யனாக வேண்டும். ஒவ்வொரு நாளும் நாளைக்கு ஏற்றலாம் என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டிக்கிக்குள் விளக்கு உருளும் சத்தம் கேட்கும்.

கூட்ட நாள் வந்தது. வாசலில் பட்டியலோடு நான். ஐந்தே முக்காலுக்கு வான் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் எண்பது வயது கடந்த ஒரு கிழவி; எல்லாருக்கும் அன்ரி. வோக்கரைத் தள்ளிக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"என்ரை பேரைப் பாரும் தம்பி. இந்த நாட்டிலை தமிழ் ஆக்களுக்கு நான் போடுற முதல் வோட்டு."

பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். இல்லாத பெயரை விரலால் தேடினேன். "பேர் இல்லை அன்ரி."

"வடிவாப் பாரும். தலைவர் பிள்ளை எழுதித் தந்தவ."

பின்னால் வரிசை நீண்டது. பத்தொன்பது பேரின் பெயரும் பட்டியலில் இல்லை. தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணை, நான் உங்கடை கையிலைதானே தந்தனான்?"

சங்கத்தின் யாப்பு விதிகளில் தெளிவாக இருந்தது: கூட்டத்துக்கு இருபத்தொரு நாள் முன்பு அங்கத்துவச் செயலாளரின் கையில் படிவம் கிடைத்திருந்தால் வாக்கு உண்டு. கிடைத்தது என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். கார் இருபது அடி தூரத்தில் நின்றது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அத்தான் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேனோ என்னவோ.

"எனக்கு நினைவில்லை தங்கச்சி. வீட்டிலை எங்கையும் இருக்கும். பார்க்கவேணும்" என்றேன்.

கூட்டத்தை ஒத்திவையுங்கள் என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். ஒத்திவைக்கும் அதிகாரம் தலைவருக்கு இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணி. சொன்ன நேரத்துக்குத் தொடங்குவம்."

அந்த முறை விளக்கு நேரத்துக்கு வந்திருந்தது. அவர்தான் ஏற்றினார். பிறகு கையை உயர்த்தச் சொல்லி எண்ணினார்கள். பத்தொன்பது பேரும் சுவரோரம் நின்று பார்த்தார்கள். ஐந்து வாக்கு வித்தியாசத்தில் தலைவர் தோற்றார்.

சனம் கலைந்த பிறகு விளக்கைத் தூக்கப் போனேன். அவர் அதை முன்பே தூக்கிவிட்டார். "பாரம் அண்ணை. நான் கொண்டுவாறன்."

கார்வரைக்கும் அவரே தூக்கிவந்தார். நான் அவசரமாகப் பின்கதவைத் திறந்து, "சீற்றிலை வையுங்கோ" என்றேன்.

"எண்ணெய் ஊத்துப்படும். டிக்கியைத் திறவுங்கோ."

திறந்தேன். வேறு என்ன செய்ய? பை அங்கேயே கிடந்தது. மேல் படிவத்தில் அவர் எழுதிய திகதி பிளாஸ்டிக்குக்கு ஊடாகத் தெரிந்தது. அவர் குனிந்து அதை வாசித்தார். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. பிறகு விளக்கை ஒரு கையில் அணைத்தபடி, மற்றக் கையால் பையை எடுத்து, எண்ணெய் படாமல் டிக்கியின் மற்ற மூலையில் தள்ளி வைத்தார். விளக்கைப் படுக்க வைத்தார். உருளாமல் இருக்கத் துணியை மடித்து அண்டை கொடுத்தார்.

"அடுத்த கூட்டத்துக்காவது ஏத்திவிடுங்கோ அண்ணை. அன்ரி ஆசைப்பட்டவ."

என்னை ஏசியிருந்தால் நான் ஏதாவது ஒரு பொய்யைக் கண்டுபிடித்திருப்பேன். அவர் என்னைப் பேச வைக்கவேயில்லை.

அடுத்த கூட்டம் அத்தானின் தலைமையில். அறிவித்தலில் ஆறு மணி. பத்தொன்பது பெயரையும் பட்டியலில் ஏற்றி, படிவங்களையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கவே போய்விட்டேன். மண்டபம் பூட்டிக் கிடந்தது. வான் வரவில்லை, அதை நிறுத்திவிட்டார்களாம். வாசல் கண்ணாடியூடாகப் பார்த்தேன். முன்வரிசையில் மெத்தைக் கதிரைகள் நான்கும் திரும்பவும் போடப்பட்டு, புதுத் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன.

அத்தான் ஏழேகாலுக்குத்தான் வந்தார். அதுவரை கையில் விளக்கோடும் பையோடும் வாசலில் தனியாக நின்றேன். எனக்கு நன்றாக வேண்டும்.