ஒரு தாள் குறைந்த கப்பல் புத்தகம்

கருப்பட்டி மொத்த வியாபாரி வன்னியபெருமாளுக்குப் பழைய கடல் பயணப் புத்தகங்கள் என்றால் பைத்தியம். கப்பல் படமும் வரைபடமும் இருந்தால் போதும், பாஷை தெரியாவிட்டாலும் வாங்கிவிடுவார். தூத்துக்குடியில் அதே பைத்தியம் பிடித்த இன்னொருவர் பஞ்சு வியாபாரி ராஜதுரை. ஒரே ஊருக்கு எதற்கு இரண்டு பைத்தியம்? அதுதான் வன்னியபெருமாளின் தீராத வயிற்றெரிச்சல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் கடற்கரை ரோட்டு வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பினார். சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. டச்சுக்காரன் எவனோ எழுதி, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் அச்சான பயணப் புத்தகம் ஒன்று வன்னியபெருமாளுக்குக் கிடைத்தது. அதில் ஒரு முழுத் தாளுக்கு நம் முத்துக்குளிப்புத் தோணிகளின் படம்! ராஜதுரைக்கு வாய்த்ததோ ஒரு கட்டுக் கழிவுக் காகிதம்.

"என்னலே ராசதொர, பொட்டலம் மடிக்கவா?" என்று சிரித்தார் வன்னியபெருமாள்.

மறுநாள் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அதே புத்தகத்திலிருந்து கழன்றுபோன வரைபடம் அந்தக் கட்டுக்குள் இருந்தது. முத்துச்சிப்பி விளையும் இடமெல்லாம் குறித்த நம் கடற்கரை. ராஜதுரை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். வன்னியபெருமாள் அந்தத் தெருவில் நடப்பதையே விட்டுவிட்டார். விலைக்குக் கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை.

நாற்பத்தெட்டில் ராஜதுரை தன் மகனுக்கு இவர் மகள் முத்துக்கனியைப் பெண் கேட்டு வந்தார்.

"நகை உங்க இஷ்டம் அண்ணாச்சி. சீரோட அந்தக் கப்பல் புஸ்தகம் மட்டும் வந்துரணும்."

அடப்பாவி! வன்னியபெருமாள் முடியவே முடியாது என்றார். மனைவி வடிவம்மாள் விடவில்லை. "பெத்த பிள்ளைய விட இந்தக் காயிதக் கட்டு பெருசாப் போச்சோ? நல்லாருக்கே ஞாயம்!"

சம்மதித்தார். ஆனால் சீர்த் தட்டில் வைக்கும் முன் கதவைச் சாத்திக்கொண்டு, தோணிப் படத் தாளை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்தார். அவன் முழுசாக அனுபவித்துவிடக் கூடாதாம். வடிவம்மாள் பார்த்துவிட்டாள். கல்யாண வேளையில் சண்டை எதற்கென்று பேசாமல் இருந்தாள்.

கல்யாண வீட்டில் ராஜதுரை புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சட்டத்திலிருந்து எடுத்து வந்திருந்த வரைபடத்தை அதற்குள் வைத்து, வன்னியபெருமாளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பொண்ணு குடுத்த கைக்கு நான் வேற என்னத்தக் குடுக்க? சும்மா குடுத்தா நீங்க வாங்கமாட்டீய. அதான் இப்படிக் கேட்டேன்." சொல்லிக்கொண்டே பக்கத்தைப் புரட்டியவர் பதறிப்போனார். "ஐயய்யோ, இங்கன ஒரு தாளு அறுபட்டிருக்கே! எந்தச் சண்டாளன் செஞ்சானோ!"

வன்னியபெருமாள் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து புத்தகம், வரைபடம், தாள் மூன்றும் அவர் வீட்டிலேயே இருந்தன. ஒட்டினால் அறுத்தது யாரென்று தெரிந்துவிடுமே, அதனால் ஒட்டத்தான் வழியில்லை. வெள்ளி தவறாமல் ராஜதுரை வந்து, அறுபட்ட இடத்தைத் தடவி வருத்தப்பட்டுவிட்டுப் போவார். கொழும்புக்கும் கொச்சிக்கும் ஆள் விட்டுத் தேடினார். மறுவருஷம் ஒருநாள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"கெடச்சிட்டு அண்ணாச்சி! கொழும்புல கெடச்சிட்டு!"

அதே தோணிப் படம். வன்னியபெருமாள் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். அவர் கண் கலங்கியது. சந்தோஷம் என்று நினைத்து ராஜதுரை அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வன்னியபெருமாள் பெட்டியடியில் ஒளித்திருந்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஏளா, இங்க பாரு. என் தாளு பூராவும் பூச்சி அரிச்சது. அவனுக்குக் கெடச்சத பாத்தியா, ஒரு ஓட்ட கெடையாது!"

வடிவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.