கருவாட்டுக்குப் பழி

காரில் வைத்துப் பேசும் பழைய சிபி ரேடியோவை வீட்டில் இயக்க, நேற்றுப் பவர் சப்ளை ஒன்றை மாட்டினேன். அது சூடேறியதும் கருகிய தூசி மணத்தது. அந்த மணத்தில் எனக்கு மறுபடி பத்து வயதாகிவிட்டது.

ஜேர்மனியில், டுசல்டோர்ஃப் வீட்டில் அண்ணையின் மேசையிலிருந்த ரேடியோவுக்கும் இப்படியொரு பெட்டி, சுவர் மின்சாரத்தைப் பன்னிரண்டு வோல்ட்டாக்கிக்கொண்டு உறுமும். அந்த நாட்களில் கீழ்வீட்டு மனுசி, கருவாடு மணக்கிறதென்று வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதி அம்மாவை அழவைத்திருந்தாள்.

“நாங்கள் இதில கதைச்சா அவவின்ர ரிவிக்குள்ள கேக்குமடா,” என்றார் அண்ணை.

போதாதா? அவளுடைய தொடர்நாடகம் தொடங்கும் நேரம் பார்த்து, மூன்று நாள் மைக்கில் ஜேர்மன் மொழியில் வாய்பாடு ஒப்பித்தேன்.

நான்காம் நாள் மணி அடித்தது.

“பொலிஸடா! எங்கட விசா போச்சு!” என்றார் அண்ணை.

பழிவாங்கப் புறப்பட்ட வீரனான நான் அலுமாரிக்குள் பாய்ந்து, அம்மாவின் சேலைகளுக்கிடையில் நின்றபடி நாடுகடத்தலுக்குத் தயாரானேன்.

வந்தது கீழ்வீட்டு மனுசி. “ஏழெட்டு ஐம்பத்தாறு. உங்கள் மகன் மூன்று நாளாக ஐம்பத்துநாலு என்கிறான்,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

“வெளியில வாடா! கருவாட்டை விட இதெல்லோ வெக்கக்கேடு!” என்றார் அம்மா.

மறுநாள் அதே நேரத்தில் மைக்கை எடுத்தேன். ஒன்றாம் வாய்பாட்டிலிருந்து பத்தாம் வாய்பாடு வரை, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் பிழையாகவே ஒப்பித்தேன்.