மணியின் நாக்கில் கட்டிய தோல்

மேவிஸ் தர்ஸ்டனின் காதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சாலோபி தேவாலயத்து ஆறு மணிகளில் ஒன்று இமைப்பொழுது பிந்தினாலும் போதும், கடலுக்கு அக்கரையில் ஹாலந்தில் நின்றுகொண்டே எந்தக் கயிறு, எந்தக் கை என்று சொல்லிவிடுவாள். சரி, ஹாலந்து கொஞ்சம் அதிகம்தான். பீட்ரூட் வயலைத் தாண்டினால் அவளுக்கும் ஒன்றும் கேட்காது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக மணிக்குழுவுக்குத் தலைவியாக இருந்து ஓர் அடியைக்கூடத் தப்பாக எண்ணியதில்லை. அது சத்தியம்.

முப்பது வருடம் அந்த ஊரில் வீடுவீடாகத் தபால் கொடுத்தவள் என்பதால் எந்த வீடு எந்தப் பக்கம் என்பது அவளுக்கு அத்துப்படி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று பிரிட்டன் வாக்களித்த நாளிலிருந்து சாலோபியில் மதுக்கடையின் இரண்டு மூலைகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. கணவன் ஒரு தேவாலயத்துக்கும் மனைவி வேறு தேவாலயத்துக்கும் போன வீடுகூட உண்டு. மேவிஸ் எந்தக் கட்டத்தில் குறி போட்டாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. கோபுரத்துக்குள் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதென்று உத்தரவு போட்டிருந்தாள். மூன்றரை வருடம் அது தாக்குப்பிடித்தது.

பிறகு பெர்சி லஷர் செத்துப்போனார்.

பெரிய மணியை ஐம்பது வருடம் இழுத்தவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மேவிஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஆறும் அடிக்கணும், மேவிஸ். தோல் கட்டி" என்றார். அவள் சரி என்றாள். மணியடித்தவர் இறந்தால் மணிகளின் நாக்கில் ஒரு பக்கக் கன்னத்துக்கு மட்டும் தோல் கட்டுவது வழக்கம். ஓர் அடி கணீரென்று விழும். அடுத்த அடி கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பதில் சொல்வதுபோல வரும்.

நாடு வெளியேறியது ஜனவரி கடைசி வெள்ளி, இரவு பதினொரு மணிக்கு. குழி தோண்டுகிறவருக்கு ஒழிந்ததோ மறுநாள் சனிக்கிழமை.

"தோல் கட்டி அடிச்சா நான் வரமாட்டேன்" என்றார் உருளைக்கிழங்கு விவசாயி செட்ரிக் பாஸ்க். "வெளியே வந்த மறுநாளே ஒப்பாரியா? ஊர் என்ன நினைக்கும்?"

"கட்டாம அடிச்சா நான் வரமாட்டேன்" என்றார் ஹியூ பிராக்கிள்பி. பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "பெர்சியைப் புதைக்கிற சாக்குல உன் திருவிழாவுக்கு நான் கயிறு இழுக்கணுமா?"

"யோவ் வாத்தியாரே, அழணும்னா பாரிசுக்குப் போய் அழு."

"போறேன். ஐரோப்பாக் கூலியாளுங்க வராம உன் கிழங்கை யார் பிடுங்குறாங்கன்னு அப்பறம் பாரு."

மீதமிருந்தவர்கள் லாங் சகோதரிகள் இருவர்தான். அவர்கள் மேவிஸ் கண்ணைக் காட்டினால் இழுப்பார்கள். பெர்சியின் இடத்துக்கு ஆள் கேட்டுப் பக்கத்து ஊருக்குப் போனாள் மேவிஸ். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "யார் பக்கத்துக்கு அடிக்கிறீங்க?" வந்த வழியே திரும்பினாள். ஆறு கேட்ட மனுஷனுக்கு மூன்று மணியாவது கிடைக்குமா என்றிருந்தது.

வெள்ளியன்று யாரும் ஏறி வம்பு செய்துவிடக் கூடாதென்று கோபுரத்தைப் பூட்டினாள். இருந்த ஒரே சாவியை நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள். தெருக்கோடியில் கூச்சலும் வெடியும் கேட்டன. மணி எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை உறைபனியில் கோபுர வாசலில் இரண்டு பேரும் அவளுக்கு முன்பே நின்றிருந்தார்கள்.

"ராத்திரி பதினொண்ணுக்கு இவன் மணி அடிச்சான்" என்றார் ஹியூ. முகம் வெளுத்திருந்தது. "கணீர் கணீர்னு, கல்யாணத்துக்கு அடிக்கிற மாதிரி."

"நானா? அடிச்சது நீ! பொத்திப் பொத்தி, சாவு மணி. என் நாய்கூட மேசைக்கடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு."

"எந்த மணி?" என்றாள் மேவிஸ்.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "பெரியது."

மேவிஸ் சட்டைக்குள்ளிருந்து சாவியை எடுத்துக் காட்டினாள். மூவரும் ஏறினார்கள். கீழ் அறையில் பெரிய மணியின் கயிறு, பெர்சி போன அன்று அவள் மாட்டிவிட்ட கொக்கியில் அப்படியே தொங்கியது. மேலே மற்ற ஐந்து மணிகளின் நாக்குகளும் வெறுமையாக இருந்தன. பெரிய மணியின் நாக்கில் மட்டும் ஒரு கன்னத்துக்குத் தோல் கட்டியிருந்தது. வார் இடப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்திருந்தது. அந்தக் குழுவில் இடதுகைக்காரர் பெர்சி ஒருவரே.

ஹியூ கேட்டது வெறுங்கன்னத்தின் அடி. செட்ரிக் கேட்டது தோல் கன்னத்தின் அடி. ஒரே மணிதான்.

மேவிஸ் உலோகத்தில் உள்ளங்கையை வைத்தாள். ஜன்னல் கம்பியில் பனி வெள்ளையாகப் படிந்திருந்த அந்தக் காலையில் மணி வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே மிக மெல்லிய நடுக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கையை எடுத்து மேலங்கியில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கொரு தோல் கொடு, மேவிஸ்" என்றார் செட்ரிக். "என் மணிக்கு நானே கட்டுறேன்."

ஹியூ அவருக்கு விளக்கைப் பிடித்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து பேர் ஐந்து கயிறுகளைப் பிடித்தார்கள். ஆறாவது கயிறு கொக்கியிலேயே இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தாவது அடி முடிந்ததும் பெர்சிக்காக ஓர் அடி நேரம் வெறுமையாக விடுங்கள் என்று மேவிஸ் சொல்லியிருந்தாள். விட்டார்கள். கீழே சவப்பெட்டி கல்லறைக்குப் போய்ச் சேரும்வரை அவள் கண்ணை மூடி எண்ணிக்கொண்டே இருந்தாள். ஐந்து, இடைவெளி. ஐந்து, இடைவெளி. சொன்ன வாக்கில் ஒன்று குறைகிறதே என்று ஒவ்வோர் இடைவெளியிலும் நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஊர் மன்றத்தில் தேநீர், பன்றியிறைச்சி சாண்ட்விச், பழக்கேக். செட்ரிக்கும் ஹியூவும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். மேவிஸ், பெர்சியின் மனைவி எட்னாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோ எட்னா. ஆறு கேட்டார். அஞ்சுதான் முடிஞ்சுது. அவர் இடத்தை மட்டும் சும்மா விட்டோம்."

எட்னா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சும்மாவா? என்னடி சொல்றே, பெட்டி பின்னாலயே எண்ணிட்டு வந்தேனே. ஆறு. ஆறாவது மட்டும் கொஞ்சம் பிந்திப் பிந்தி விழுந்துச்சு. அம்பது வருஷமா அந்த மனுஷன் அப்படித்தானே அடிச்சார்."