மதினிக்கு ஒரு பை

கூரியரில் வந்த முதல் பையை மதினி கூடத்தில் நின்று மாட்டிப் பார்த்தது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. முதுகு முழுவதையும் மறைக்கும் பெரிய கறுப்புக் கேமராப் பை. இடுப்பில் கட்ட வேண்டிய பட்டை தொடையில் வந்து நின்றது. ஆறடி உயர ஆணுக்குத் தைத்த பை அது என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. "பேக்க நான் தூக்கல புள்ள, பேக்குதான் என்னையத் தூக்கிட்டு நிக்குது" என்று மதினி சிரித்தார். சிரித்தபடியே வலது கையைச் சட்டென்று உருவிக்கொண்டு, இடது கையை மட்டும் மெதுவாக, உடைந்துவிடக்கூடிய ஒன்றை எடுப்பதுபோல, பட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். அறுவை சிகிச்சை நடந்த பக்கம் அது.

மதினி என் அண்ணனின் மனைவி. ஒக்கூரில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்பு காரைக்குடியில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கீழச்சிவல்பட்டிக்கு மருமகளாக வந்த பிறகு அந்த வேலையை விட்டுவிடுவார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அவர் விடவில்லை. கேமரா வாங்கினார். முதலில் தெரு வளைகாப்புகள், பிறகு சுற்றுப்பட்டு ஊர்க் கல்யாணங்கள், பிறகு செட்டியார் வீடுகள். பெரிய வீடுகளில் பெண்ணை அலங்கரிக்கும் அறைக்குள் ஆண் போட்டோக்காரர்கள் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மதினி உள்ளேயே இருப்பார். ஒரு கையால் மணப்பெண்ணின் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கேமராவைச் சரிசெய்வார். வாயில் ஊக்கைக் கவ்வியபடி மகளின் முந்தானையை மடிக்கும் ஒரு தாயின் முகத்தை அவர் எடுத்திருந்தார். அந்தத் தாய் அழவில்லை. ஊக்கு மட்டும் இல்லாவிட்டால் அழுதுவிடுவாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட படங்களை எடுத்தவர் அவர். அடுத்த தெருவிலேயே எனக்குக் கல்யாணமாகியிருந்ததால், அந்தப் படங்களை முதலில் பார்க்கும் ஆளாக எப்போதும் நான் இருந்தேன்.

வேலைக்குப் போகும்போது அவ்வளவு சாமான்களையும் ஒரே தோள்பையில் போட்டு இடது தோளில் மாட்டிக்கொள்வதுதான் அவர் வழக்கம். அறுவைக்குப் பிறகு மதுரையில் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். மார்போடு அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்தாயிற்று, இனி அந்தத் தோளில் பாரம் ஏற்றக் கூடாது, ஏற்றினால் கை வீங்கும், வீங்கினால் வடியாது. எங்களுக்கெல்லாம் நூறு கேள்விகள் இருந்தன. மதினி ஒன்றுதான் கேட்டார்: "ரெண்டு தோளுலயும் சமமா மாட்டுனா?" டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "பாரம் இடுப்புல இறங்கணும். தோள்ல பட்டை சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கணும். அந்த மாதிரிப் பை கிடைச்சா, வீக்கம் வராம கையில இறுக்கமான உறையும் போட்டுக்கிட்டா, கொஞ்ச நேரம் பரவாயில்லை."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் பை தேட ஆரம்பித்தோம். மருந்து ஏற்றும் நாட்களில் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து நானும் மதினியும் பேசியதெல்லாம் பையைப் பற்றித்தான். பக்கத்தில் இருப்பவர்கள் மருந்தைப் பற்றியும், எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டோம் என்பதைப் பற்றியும் பேசுவார்கள். மதினி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மழைக்கு மூடி இருக்கிறதா, பஸ்ஸில் பின்னால் நிற்பவன் ஜிப்பைத் திறக்க முடியாதபடி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். நோயைப் பற்றிப் பேச எங்களிடம் வார்த்தையே இல்லை. பையைப் பற்றிப் பேச எவ்வளவோ இருந்தது. நல்ல பை ஒன்று அமைந்துவிட்டால் பாதிக் குணம் வந்த மாதிரி என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

இரண்டாவதாக வந்த பை அளவில் சிறியது. இடுப்புப் பட்டை என்று அதில் இருந்தது ரிப்பன் மாதிரி ஒரு நாடா. பை ஆடாமல் இருக்க உதவுமே தவிர, பாரத்தைத் தாங்காது. அதையும் திருப்பி அனுப்பினோம். அன்றுதான் அண்ணன் வாய் திறந்தான். அவன் உரக்கடை வைத்திருப்பவன். மூட்டைகளோடு பழகியவன். "ஒனக்கு என்னத்துக்குப் பேக்கு? நாந் தூக்கிட்டு வாரேன். நீ கேமராவ மட்டும் கையில வச்சுக்க." மதினி அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "நீங்க தூக்கிட்டு வந்தீகன்னா நான் போட்டோ எடுக்க வந்தவ இல்ல, சீக்கோட வந்த ஒங்க பொண்டாட்டி. எல்லாரும் என்னையத்தான் பாப்பாக. நான் அவுகளப் பாக்கணும்." அண்ணன் அதற்குப் பிறகு பைப் பேச்சில் தலையிடவில்லை. பை வாங்கக் கடைக்கு வரவும் மாட்டேன் என்றுவிட்டான்.

மதுரையில் பைகள் விற்கும் ஒரு கடைக்கு நாங்கள் இருவரும் போனோம். அவருடைய பழைய தோள்பையைச் சாமான்களோடு நான் சுமந்துகொண்டேன். கடைக்காரர் எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "சார் வரலைங்களாக்கா? அவங்க மாட்டிப் பார்த்தாத்தானே தெரியும்?" மதினி முக்காலியில் உட்கார்ந்தபடி, "சாரு நாந்தேன்" என்றார். கடைக்காரர் நல்ல மனிதர். வெட்கப்பட்டுப்போய் அடுக்கிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். உள்ளே திணித்திருந்த காகிதத்தை எடுக்கச் சொல்லிவிட்டு மதினி தன் சாமான்களை வைத்துப் பார்த்தார். "வெறும் பேக்கு எல்லாமே லேசாத்தான் இருக்கும்." இரண்டு கேமரா, பிளாஷ், பேட்டரி, சின்ன லென்ஸ்கள். பெரிய லென்ஸ் முதுகை ஒட்டி நடுவில். அதை வெளிப்பக்கம் வைத்தால் பை ஆளைப் பின்னால் இழுக்கும் என்றார்.

கடைசியில் ஒன்று பொருந்தியது. இடுப்புப் பட்டை பஞ்சு வைத்து அகலமாக, இடுப்பெலும்பின் மேல் சரியாக உட்கார்ந்தது. முதுகில் படியும் பக்கமே திறக்கிற பை. தோளில் மாட்டும் பட்டைகளை மட்டும் கழற்றிவிட்டு, இடுப்புப் பட்டை இறுக்கத்திலேயே பையை முன்னால் சுழற்றினால், அது வயிற்றுக்கு முன்னால் ஒரு மேசைபோல நின்றது. கல்யாணக் கூட்டத்தில் ஈரத்தரையில் பையை இறக்கிவைக்காமலேயே லென்ஸ் மாற்றலாம். மதினி அதை முன்னும் பின்னுமாகச் சுழற்றிப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் வேலைக்களை வந்ததை அன்று பார்த்தேன்.

கடைக்காரர் உதவியாக, "நெஞ்சுப் பட்டையையும் போட்டுக்குங்கக்கா, தோள்ல இருந்து நழுவாது" என்றார். மதினி மாட்டினார். எதிரே ஆளுயரக் கண்ணாடி. பட்டை இறுகியதும், ரவிக்கைக்குள் இடது மார்பு இருந்த இடத்தில் வைத்துக் கட்டியிருந்த பஞ்சு மெதுவாக மேலேறிக் கழுத்தெலும்புப் பக்கம் போய்விட்டது. மதினி கண்ணாடியைப் பார்த்தபடி அப்படியே நின்றார். கடைக்காரர் சட்டென்று குனிந்து, கீழே கிடந்த காகிதத்தைப் பொறுக்கத் தொடங்கினார். நான் அவருக்கும் மதினிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மதினி பட்டையைக் கழற்றி, முந்தானைக்குள் கைவிட்டுச் சரிசெய்துகொண்டு, "இந்தப் பட்டை எனக்கு வேணாம். மத்ததெல்லாம் நல்லாருக்கு, இதையே கொடுங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது பையை மடியில் வைத்திருந்தார்.

புதுப் பையோடு போன முதல் கல்யாணம் எங்கள் ஊரிலேயே பெரிய வீடொன்றில். பெண்ணின் அம்மாவை நாங்கள் ஆச்சி என்போம். நோய் தெரிவதற்கு முன்பே பேசிவைத்த வேலை. தெரிந்த பிறகும் ஆச்சி வேறு ஆள் பார்க்கவில்லை. "நீ மெள்ள வா. ஒன்னைய விட்டா எங்க உள்வீட்டுக்கு எவன வரச் சொல்றது?" என்றுவிட்டார். நானும் என் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். கையில் இறுக்கமான உறை, அதற்கு மேல் முழுக்கை ரவிக்கை, முதுகில் பை. கூட்டத்துக்கு நடுவே மதினி பையை முன்னுக்குச் சுழற்றி, லென்ஸை மாற்றி, திரும்பப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார். ஆச்சி என் காதில், "என்னடி, போருக்குப் போற மாதிரில்ல கட்டிக்கிட்டு நிக்கிறா?" என்றார். பெண் கழுத்தில் தாலி வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, தூணோரம் நின்ற மதினி கேமராவை இறக்கிவிட்டு, படம் எடுக்காமல், வெறும் கண்ணால் ஒரு நொடி பார்த்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து இடுப்புப் பட்டையைக் கழற்றியதும், "கை வீங்கல பாரு" என்று நீட்டினார். உண்மையிலேயே வீங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் முதுகுவலி. நடுமுதுகில், பை படியும் இடத்தில். எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒருநாள் முழுக்கப் பாரம் சுமந்திருக்கிறார், வலிக்காமல் என்ன செய்யும்? உள்ளூர் டாக்டரும் அதையேதான் சொன்னார். அண்ணனுக்குக் கோபம் சொல்லி முடியாது. "அந்தப் பேக்குதேன். அன்னைக்கே சொன்னேன், நாந் தூக்குறேன்னு. கேட்டாளா?" நான் பையின் தோள் வாரைக் கொஞ்சம் ஏற்றினேன், பிறகு இறக்கினேன். சக்கரம் வைத்த பெட்டி வாங்கலாமா என்று விசாரித்தேன். மதினி அடுத்த வேலைக்கு ஒரு கேமராவைக் குறைத்தார். இன்னொரு வேலைக்குப் பெரிய லென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். பிறகு பிளாஷையும். ஒவ்வொரு முறையும், "இப்பத் தேவல" என்பார். நாங்களும் நம்புவோம்.

ஒரு மாலை நான் போனபோது மதினி கூடத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அண்ணன் கடையில் இருந்தான். "வேலை எதுவும் இல்லையே மதினி, எங்குட்டுக் கெளம்பிட்டீக?" என்று கேட்டேன். அவர் கட்டிலைக் காட்டினார். கேமரா, லென்ஸ், பேட்டரி எல்லாம் அங்கே வரிசையாகக் கிடந்தன. நான் பின்னால் போய்ப் பையைத் தொட்டேன். அமுங்கியது.

"உள்ள ஒண்ணுமில்ல புள்ள. அப்பவும் அதே வலி."

அவர் பட்டைகளைக் கழற்றிப் பையைக் கீழே வைத்தார். கழற்றிய பிறகும் வலி குறையவில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. எனக்கு முன்பே அவருக்கு விளங்கியிருந்தது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. "நாளைக்கு மதுரைக்குப் போவோம். ஒங்க அண்ணன்ட்ட இப்பச் சொல்லாத. இன்னைக்கு ராத்திரியாவது பேக்குன்னே நெனைச்சுக்கிட்டுத் தூங்கட்டும்" என்றார். பிறகு அடுப்படிக்குப் போய் எனக்குக் காபி போட்டார்.

நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. முன்பே பார்த்திருந்தாலும் பெரிதாக மாற்றியிருக்க முடியாது என்று டாக்டரம்மா அண்ணனிடம் இரண்டு தரம் சொன்னார். அவன் தலையாட்டினான். வெளியே வந்ததும், "பாரந் தூக்கித் தூக்கித்தேன் அந்த எடத்துல எறங்கியிருக்கு" என்றான். நான் மறுத்தேன். மதினி என் கையை அழுத்தினார். அதன் பிறகு மறுக்கவில்லை. அவர் இன்னொரு கல்யாணத்துக்குப் போகவில்லை. படுக்கையில் இருந்தபடி ஜன்னல் வெளிச்சம் சுவரில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேமராவைக் கொடுக்கவா என்றால் வேண்டாம் என்று தலையசைப்பார். கடைசி நாட்களில் அதைக் கேட்பதையும் விட்டுவிட்டோம். மழைக்காலம் தொடங்கும் முன்பே போய்விட்டார். கேமராக்களை அவருடைய தம்பி வந்து எடுத்துப்போனார். பையை மட்டும் அண்ணன் யாருக்கும் கொடுக்கவில்லை. உரக்கடைக்குப் பின்னால் போட்டு எரித்தான் என்று கேள்விப்பட்டேன். ரிப்போர்ட்டை எடுத்துவைத்து அவனுக்கு விளக்கிச் சொல்ல நான் பலமுறை முயன்றிருக்கிறேன். பை காரணமில்லை என்றால் காரணமென்று எதுவுமே இல்லாமல் போய்விடும். அதை அவனால் தாங்க முடியாது என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

போன மாதம் அண்ணனுக்குக் கண்ணாடி மாற்ற மதுரைக்குப் போயிருந்தோம். வேலை முடிந்து பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது பின்னால் அவனைக் காணவில்லை. திரும்பிப் போனால், வழியில் பைகள் விற்கும் ஒரு கடைக்குள் நிற்கிறான். புதுக் கண்ணாடியோடு, கேமராப் பை ஒன்றைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு, இடுப்புப் பட்டையை இழுத்து இழுத்துப் பார்க்கிறான்.

"பாரம் முழுக்க இடுப்புல எறங்குமா தம்பி?"

"இறங்கும்ணே. யாருக்கு?"

"வீட்டுல. போட்டோ எடுக்குறா."

"எவ்வளவு உயரம் இருப்பாங்க?"

அண்ணன் கையைத் தன் தோள் அளவுக்குக் காட்டினான். "இம்புட்டு இருப்பா." நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கடைப் பையன் இன்னொரு பையை எடுக்க ஏணியில் ஏறினான். கீழே நின்ற அண்ணன் அவனை அண்ணாந்து பார்த்துச் சத்தமாகச் சொன்னான்:

"எடது தோளுல மட்டும் பாரம் விழுகக் கூடாது தம்பி. பாத்து எடுங்க."