சுடுதண்ணி எல்லம்மாள்

பிள்ளையார்பாளையத்தில் எல்லம்மாள் என்றால் யாருக்கும் தெரியாது. 'சுடுதண்ணி எல்லம்மா' என்றால் வீட்டைக் காட்டுவார்கள். யாருக்குப் பிரசவம் ஆனாலும் கூப்பிடாமலே போய் நிற்பாள். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்கமாட்டாள். துணிகளை அள்ளி அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டுத்தான் மறுவேலை. கிண்டல் செய்தவர்களுக்கு அந்த அண்டாவின் கதை தெரியாது. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

அறுபத்தாறாம் வருஷம் அவள் புருஷன் வீரபத்திரனுக்குப் பெரியம்மை கண்டது. அவன் தறி நெய்பவன், இவள் பட்டு நூல் சுற்றுபவள். இரண்டு வேலையும் நின்றன. அம்மா வந்திருக்கிற வீட்டில் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருந்தாள். தாளிக்கவில்லை, வறுக்கவில்லை, துணிகளை வெள்ளாவியில் வேகவைக்கப் போடவில்லை. அம்மாவுக்குச் சூடு ஆகாது. எல்லாம் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். வீரபத்திரன் முகமெல்லாம் தழும்போடு பிழைத்தான். மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும், "அம்மா எறங்கிட்டா" என்று தெருவே நிம்மதியானது.

அடுத்த சில நாளில் ஐயம்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை பூவம்மாளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. தாய் இல்லாத வீடு. அக்காதான் எல்லாம் பார்க்கவேண்டும். பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும். தோய்த்துத் தோய்த்து நைந்த பழைய வேட்டிதான் இதம். வீரபத்திரன் படுத்திருந்த வேட்டியைவிட நைந்தது வீட்டில் வேறு இல்லை. எல்லம்மாள் அதை வேப்பிலை போட்ட பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மடித்து எடுத்துப்போனாள்.

"எவ்ளோ மெத்துனு இருக்குதுக்கா!" பூவம்மாள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

பெயர் வைப்பதற்குள் குழந்தைக்கு அம்மை வந்தது. பிழைக்கவில்லை. தனக்கு வேண்டுமென்று அம்மாவே எடுத்துக்கொண்டாள் என்று பூவம்மாள் மனதைத் தேற்றிக்கொண்டாள். எல்லம்மாளும் கூட உட்கார்ந்து அதையே சொல்லி அழுதாள். அப்போது அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

மறுவருஷம் ஆடியில் அம்மை குத்துகிற காசிநாதன் தெருவுக்கு வந்தார். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்திருந்தார். எல்லம்மாளால் எதையும் கேட்காமல் இருக்க முடியாது.

"மருந்துக்கு எதுக்குங்க ஐஸு? அதுக்கும் ஜுரமா?"

"சூடு பட்டா செத்துப்பூடும்மா. இதுவும் அம்மைக் கிருமிதான். பெரியம்மை அக்கான்னா இது சாதுவான தங்கச்சி." சுற்றிலும் நூல் சுற்றும் பெண்கள் நின்றதில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "உள்ளார நூல் மாதிரி ஒண்ணு சுருட்டிக்கினு இருக்குது, மேல ஒரு உறை. அவ்ளோதான் அது. தானா திங்காது, தானா பெருகாது. ஒரு ஒடம்புல பூந்தாதான் உறையைக் கழட்டும். அப்பறம் அந்த ஒடம்பையே கூலியாளா வெச்சு நூலு தனியா, உறை தனியா செஞ்சு, சேத்துக் கட்டி, ஆயிரமாயிரமா வெளிய அனுப்பும்."

"ஒடம்பு கெடைக்கலன்னா?"

"காஞ்ச பொருக்குல ஒட்டிக்கினு கெடக்கும். துணியில, தலகாணியில. நெழல்ல குளிர்ச்சியா இருந்தா மாசக்கணக்குல அப்டியே இருக்கும்மா. கொதிக்கவெச்சா தீந்துது."

அவர் தன் கையில் ஊசி குத்தியதுகூட எல்லம்மாளுக்கு உறைக்கவில்லை. நிழல், குளிர்ச்சி. அம்மாவுக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அந்தக் கிருமிக்குச் செய்த உபசாரமாகப் போய்விட்டது. ஒரு அண்டா வெந்நீர் போதுமாயிருந்திருக்கும். அடுப்பும் விறகும் வீட்டில்தான் இருந்தன.

அவள் தங்கையிடம் சொல்லவில்லை. சொன்னால் போன பிள்ளை வரப்போகிறதா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது பயம்தான் என்பது அவளுக்கே தெரியும்.

தை மாதம் பூவம்மாள் மறுபடி நிறைமாதமாக இருந்தாள். எல்லம்மாள் போயிருந்தபோது, பூவம்மாள் மூலையிலிருந்த மண்பானைக்குள் கைவிட்டு ஒரு துணியை எடுத்தாள்.

"பாதி வேட்டி அவனோடவே குழிக்குள்ள போயிடுச்சி. இத மட்டும் வெச்சிக்கினு இருந்தேன். தோய்க்கவே இல்லக்கா, அவன் வாசனை போயிடும்னு. இந்தக் கொழந்தையையும் இதுலதான் சுத்தணும்."

எல்லம்மாள் ஏதாவது பொய் சொல்லித் துணியை வாங்கியிருக்கலாம். அதற்குமேல் பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. வீரபத்திரன் படுத்திருந்த வேட்டி அது என்பதிலிருந்து காசிநாதன் சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னாள்.

பூவம்மாள் கத்தவில்லை. "உனக்கு எப்போக்கா தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆடியில."

"ஆடியிலேருந்தா?"

எல்லம்மாள் அடுப்பை மூட்டி அண்டாவை ஏற்றினாள். துணி கொதித்தது. பூவம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, ஆவியில் முகத்தை நீட்டி மூச்சை இழுத்தாள். வாசனை தீரும்வரை அங்கேயே நின்றாள்.

பெண்குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அம்மையும் குத்தியாயிற்று. எல்லம்மாள் புதுத்துணி வாங்கி, கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து மெத்தென்றாக்கி எடுத்துப்போனாள். அதுவரை அக்கா தலை தெரிந்தாலே "வாக்கா" என்று ஓடிவருகிற பூவம்மாள், அன்று குழந்தையோடு எழுந்து நின்றாள்.

"வாங்க, உக்காருங்க" என்றாள்.