பெயர் சொல்லாமல் கேட்ட லாரி

அன்பான சபையாருக்கு என் வணக்கம். வீட்டு விஷயத்தை வெளியில் பேசும் வழக்கம் எனக்கில்லை. ஆயினும் இத்தனை பெரிய நன்மையைப் பெற்றுக்கொண்டு வாய்மூடி இருப்பது முறையன்று என்பதால் எழுதத் துணிந்தேன்.

எண்பத்தொன்பதாம் வருடம். ஆம்பூரில் தோல் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் ஆங்கிலக் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. நான் பி.ஏ. பட்டதாரி, நம் சபையின் செயலாளர். என் ஒரே மகன் ஜான்சன் பி.காம். தேர்வில் இரண்டு முறை தோற்றான். தோல் தொழிற்சாலையில் சேர்க்கலாமென்றால், சுண்ணாம்புக் குழியின் நெடி பட்டாலே அவனுக்கு மூச்சு இழுத்துக்கொள்ளும். படிப்பும் போயிற்று. ஊருக்கே சோறு போடும் தொழிலும் அவனுக்கு ஆகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் எழமாட்டான். நானும் என் மனைவி கிரேஸும் பயந்துபோனோம்.

வண்டி ஓட்டுவதில் மட்டும் அவனுக்கு ஆசை இருந்தது. கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் கடந்திருந்தது. அச்சமயம் ஒரு ஷூ கம்பெனி, பேரணாம்பட்டிலிருந்து பெண் தொழிலாளர்களை அழைத்துவர பஸ் ஒன்று வாங்குவதாயிருந்தது. அதன் மேலாளர் எனக்குப் பழக்கமானவர்.

"பஸ் வர்றதுக்குள்ள பையன் ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டா வேலை அவனுக்குத்தான் சார். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார்.

இங்கே என் சகலை தேவசகாயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கிரேஸின் தங்கை கணவர். எட்டாம் வகுப்போடு நின்றவர். லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநரிடமே தொழில் கற்று, லைசென்ஸ் எடுத்து, கடைசியில் சொந்தமாக ஒரு லாரியே வாங்கிவிட்டார். நம் சபை வழக்கப்படி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புது லாரி கோயில் வாசலில் நின்றது. ஆயர் அதன் பானெட்டின்மேல் கைவைத்து ஜெபித்தார். செயலாளர் என்ற முறையில் நானும் பக்கத்தில் நின்றேன். கரும்பச்சை வண்ணம், முகப்பில் மஞ்சள் எழுத்தில் வசனம், அதன்மேல் மல்லிகை மாலை. ஆமென் சொன்னேன்; உதடு மட்டும் சொன்னது. அதற்குப் பிறகு அந்த ஹாரன் தெருமுனையில் கேட்டாலே வயிறு எரியும்.

அவர் கற்ற வழி என் மகனுக்கு அடைபட்டதில் இன்னும் அதிகமாக எரிந்தது. புதிய மோட்டார் வாகனச் சட்டம் அப்போதுதான் அமலுக்கு வந்திருந்தது. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் முறையாகப் பயின்று, அதற்குரிய சான்றிதழைக் காட்டினால்தான் கனரக வண்டிக்கு லைசென்ஸ். கிளீனராக ஏறினவருக்கு இல்லாத நிபந்தனை, பட்டதாரி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் என்று ஆண்டவரிடமே கேட்டேன்.

வேலூரில் ஒரு பள்ளியில் சேர்த்தேன். பயிற்சி பாதி நடக்கையில் அவர்களுடைய ஒரே லாரியின் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. உதிரிபாகம் மெட்ராஸிலிருந்து எப்போது வருமென்று அவர்களுக்கே தெரியவில்லை.

"வேற லாரி இருந்தா கொண்டாங்க சார்" என்றார் பயிற்சியாளர். "வாத்தியார் பக்கம் ரெண்டாவது பிரேக்கு, கிளட்ச்சு மாட்டி, ஆர்.டி.ஓ. ஆபீசுல காட்டி அனுமதி வாங்கிடலாம். ஆனா ஓடுற வண்டிய யாரு சார் குடுப்பாங்க?"

ஜான்சன் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

யாரிடம் லாரி இருக்கிறதென்று எனக்குத் தெரியும். கேட்க நாக்கு எழவில்லை. "நான் தங்கச்சிகிட்ட கேக்கட்டுங்களா?" என்றாள் கிரேஸ். "கூடாது. ஆண்டவரிடம் கேட்போம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெயர் சொல்லாமல் விண்ணப்பம் வைப்பது நம் சபையில் உண்டு. ஆயரிடம் அவ்வாறே கேட்டுக்கொண்டேன். அவரும், "நம்ம சபையில ஒரு குடும்பத்துக்கு, பிள்ளையோட பயிற்சிக்காக ஒரு லாரி தேவைப்படுது. பேரு வேணாம். ஜெபிப்போம்" என்று அறிவித்தார். ஹெவி லைசென்சுக்குப் பயிலும் பிள்ளை நம் சபையில் ஒருவன்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாத் தலைகளும் குனிந்தன. சிரிப்பை அடக்கியதில் சில தோள்கள் குலுங்கின. பின்வரிசையில் தேவசகாயம் கண்ணை இறுக மூடியிருந்தார்.

நான் முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, என் மகனை எழுப்பும். ஒரு லாரி அனுப்பும்" என்றேன். எந்த லாரி வேண்டாமென்று சொல்ல மட்டும் மறந்துபோனேன்.

மறுநாள் காலை, தெருமுனையில் அதே ஹாரன்.

"இன்னாண்ணே, பேர் சொல்லாம விட்டா ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டே தேவசகாயம் இறங்கினார். "டேய் ஜான்சன், சட்டையப் போடுடா. வேலூர் போய் பிரேக்கு மாட்டிட்டு வந்துடலாம்."

"வர்றேன் சித்தப்பா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ மாதங்களாகியிருந்தன.

"உங்கள் லோடு?" என்றேன்.

"காலைல அவன் ஓட்டட்டும். சாயந்தரம் நான் லோடு அடிக்கிறேன். கொஞ்சம் பேஜார்தான், பரவால்லண்ணே."

அனுமதி கிடைத்து, அந்த லாரி நெடுஞ்சாலையில் ஊர்ந்தது. முகப்பு வசனத்துக்குக் கீழே சிவப்பில் 'எல்' போர்டு. ஞாயிறன்றும் அதைக் கழற்றாமல் கோயில் வாசலில் நிறுத்தினார்.

"இன்னா தேவசகாயம், இப்பத்தான் ஓட்டக் கத்துக்கிறியா?" என்று கேலி செய்தார்கள்.

"நான் எட்டோட நின்னுட்டேன். என் லாரியாச்சும் படிக்கட்டுமே!" என்று அவர் சிரித்தார்.

என் சைக்கிளில்கூட அப்படியொரு பலகையைத் தொங்கவிட நான் சம்மதித்திருக்கமாட்டேன்.

ஜான்சன் தேறினான். பஸ் வந்தபோது லைசென்ஸ் அவன் கையில் இருந்தது. இன்றும் விடியற்காலையில் அவனே எழுந்து, அவனே சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பேரணாம்பட்டுக்குக் கிளம்புகிறான். அந்தச் சத்தத்தில் கண்விழித்து நானும் கிரேஸும் ஸ்தோத்திரம் சொல்கிறோம்.

என் பொறாமை ஒழிந்துவிட்டது என்று எழுதினால் அது சாட்சியாகாது. அது இடம் மாறியிருக்கிறது. முன்பு அவருடைய லாரியைப் பார்த்து வயிறு எரிந்தது. இப்போது அந்தப் பலகையைச் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்ட மனதைப் பார்த்து எரிகிறது.

சபையாரே, உங்கள் தேவையை நம்பிக்கையோடு அவரிடம் கேளுங்கள். யார் கையால் கொடுத்தனுப்புவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். எனக்கும் அந்த மனம் வேண்டுமென்று சென்ற வெள்ளிக்கிழமை விண்ணப்பம் வைத்தேன். என் பெயரைச் சொல்லியே ஜெபிக்கும்படி ஆயரைக் கேட்டுக்கொண்டேன்.