மத்தியானப் பள்ளிக்கூடம்

எங்கள் மலாயாத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மணி பகல் ஒன்றுக்கு அடிக்கிறது. ஊரில் அது பிள்ளைகள் பாதி நாள் படித்து முடித்திருக்கும் நேரம். இங்கே அப்போதுதான் வருகைப் பதிவே எடுக்கிறார்கள். இந்த யோசனையைச் சொன்னவன் நான் என்பதால் தோட்டத்துத் துரை என்னைக் கல்வி நிபுணன் என்கிறார். நானோ ஆட்களின் பெயர் எழுதும் கிராணி. ஒரு நாளும் பாடம் நடத்தியவன் அல்ல. நடத்தியவள் என் மனைவி எஸ்தர். அவள் சேத்தூரில் இருக்கிறாள்.

சேத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் அவள் ஒற்றை ஆசிரியையாக இருந்தாள். மாசி, பங்குனியில் பள்ளி காலியாகிவிடும். அதை மூடிவிடலாமா என்று பேச ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம் போட்டார்கள். ராஜபாளையத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த என்னைக் குறிப்பெழுதக் கூப்பிட்டிருந்தார்கள். வக்கீல்களும் மிராசுதார்களும் சென்னையிலிருந்து வந்த அதிகாரியும், பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று மணிக்கணக்காகப் பேசினார்கள். எஸ்தரிடம் கேட்டது பதிவேட்டில் எத்தனை பெயர் என்பது மட்டும். சொல்லிவிட்டும் அவள் உட்காரவில்லை.

"அய்யா, பருத்தியப் பனி ஈரத்தோட எடுக்கணும். வெயில் ஏறிட்டா சருகு நொறுங்கிப் பஞ்சுல ஒட்டிக்கிடும். அதான் காலையில புள்ளைக வரல. மத்தியானத்துக்கு மேல..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லு, எஸ்தர்" என்றேன் நான்.

பெரிய மனிதர்கள் முன்னால் என் மானம் போகிறதாம். அவள் உட்கார்ந்துவிட்டாள். சிறு வயதில் பருத்தி எடுத்த கை அந்த அறையில் அவளுடையது ஒன்றுதான். அவள் சொன்னதை நான் குறிப்பில்கூடச் சேர்க்கவில்லை. பள்ளியை மூடினார்கள். வீட்டில் சண்டை போட்டிருந்தாலாவது தேவலை, அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அது தாங்காமல்தான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன்.

வந்து பார்த்தால் இங்கேயும் காலையில் பள்ளி காலி. ரப்பர் மரத்தின் பட்டையைக் குளிர்ச்சி இருக்கும்போதே கீறிப் பால் எடுக்க வேண்டும். பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைக்கப் பிள்ளைகளும் பெற்றோருடன் போய்விடுவார்கள். பள்ளியைப் பார்வையிட வந்த வெள்ளைக்கார அதிகாரியிடம், எஸ்தர் பாதியில் விட்டதை நான் முழுசாகச் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோய், எங்கே பயிற்சி பெற்றாய் என்று கேட்டார். என் மனைவியிடம் என்றேன். கல்யாணமானவர்கள் எல்லாருக்கும் அதே கதிதான் என்று விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அறிக்கையில் என் பெயரை எழுதிக்கொண்டார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று நான் விளக்கப்போகவில்லை. அவள் பேச்சை நான் விட்டுக்கொடுத்தது அது இரண்டாம் தடவை.

நடந்ததை எல்லாம் அவளுக்கு எழுதினேன். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, வந்துவிடு என்று வெட்கத்தை விட்டும் எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது. காலியாகக் கிடந்த எங்கள் மாட்டுத் தொழுவத்தில் மத்தியானத்துக்கு மேல் பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாளாம். இப்போதைக்கு வர முடியாதாம். கோபமாக ஒரு சொல் இல்லை. கடைசியில் ஒரு கேள்வி மட்டும்: "மத்தியானம் வார புள்ளைக இங்க தூங்கித் தூங்கி விழுது. அங்க எப்படி? நீங்க பாத்து எழுதுங்க."

அவளிடம் யாரும் கேட்காததை அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் இதுவரை எங்கள் தோட்டத்துப் பள்ளிக்குள் காலெடுத்து வைத்ததில்லை. இன்று போய்ப் பின்வரிசையில் தரையில் உட்கார்ந்தேன், மடியில் கடிதத் தாளோடு. செத்த நேரத்தில், பக்கத்தில் இருந்த பெண் குழந்தை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. அதன் தலைமுடியில் ரப்பர்ப் பால் வாடை. 'அன்புள்ள எஸ்தருக்கு' என்பது வரை எழுதியிருந்தேன். மேலே எழுதக் கையை அசைத்தால் குழந்தை விழித்துக்கொள்ளும்.